மூன்று கல்யாணமும் ஒரு பவர் பேங்க்கும்

வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-வது விதி இது. நோட்டீஸ் கூடாது, தரகர் கூடாது. வாசல் பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதியே ஆனாலும் பலகையில் அதைச் சொல்லக் கூடாது. எண்பதுகளில் மதுரையில் நான் ஜூனியராகச் சேர்ந்த சீனியர் இதை வேதமாக எடுத்துக்கொண்டவர். அவருடைய பலகை எங்கே இருக்கிறது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டுத்தான் வர வேண்டும்.

ஆனால் அவருக்கு மூன்று பெண்கள்.

மூன்று கல்யாணத்துக்கும் தாம்பூலப் பை போட்டார். மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து. மணமக்கள் பெயர் பொடி எழுத்தில். அதன் கீழே சீனியர் பெயர், பி.ஏ., பி.எல்., அட்வகேட், தெரு, போன் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில். வந்தவர்கள் தொகையைவிட பை அதிகம். உள்ளே இருந்த தேங்காய் மறுநாளே சட்னியாகிவிடும். பையோ ரேஷன் கடை, வாரச் சந்தை, தாலுகா ஆபீஸ் என்று வருஷக்கணக்கில் ஊர் சுற்றும். மேலூர்ப் பக்கம் வரப்புத் தகராறு என்றால் மூலப் பத்திரம் வந்து சேர்வதே அந்தப் பையில்தான். “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டால் கட்சிக்காரர் பேசாமல் பையைத் திருப்பிக் காட்டுவார்.

“இது விளம்பரம் இல்லையா?” என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். “சுபகாரியம் சார்” என்றார். நாலாவதும் பெண்ணாகப் பிறந்திருந்தால் ஐயா ஹைகோர்ட்டுக்கே போயிருப்பார் என்பது அவர் கணக்கு.

இப்போது என் ஜூனியர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நிற்கிறான். பேனா, சாவிக்கொத்து, பவர் பேங்க். எல்லாவற்றிலும் எங்கள் பெயரும் க்யூஆர் கோடும். “பிராண்டிங் சார்.” வெப்சைட் வைத்துக்கொள்ள 2008-லேயே அனுமதி கிடைத்துவிட்டது, மற்றபடி விதி அதேதான். ஆன்லைன் தளங்கள் மூலம் வழக்குப் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டது. சொன்னேன். “இது கிஃப்ட்தானே சார்” என்றான். குமாஸ்தாவின் வாரிசு!

பேனா ஒரு மாதத்தில் எழுதாமல் போயிற்று. பவர் பேங்க்கைக் கட்சிக்காரரின் மகன் காலேஜுக்கு எடுத்துப் போனான், எங்கள் பெயர் மேல் விஜய் ஸ்டிக்கர் ஒட்டி. இதற்கெல்லாம் முன்பே 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை; 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இறங்கிவிட்டது. என் சீனியர் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வரும் தையில் என் மகளுக்குக் கல்யாணம். பைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பை வேண்டாம்ப்பா, ஆளுக்கொரு மரக்கன்று கொடுப்போம் என்று அவள் முந்திக்கொண்டாள். மரக்கன்றில் போன் நம்பரை எங்கே போடுவது என்று ஜூனியர் யோசித்துக்கொண்டிருக்கிறான்.