மூச்சு விட்டால் கச்சேரி கட்!

பெங்களூரு இந்திராநகரில் ஒரு அப்பார்ட்மென்ட் ஹால். சனிக்கிழமை சாயங்காலம். சோபாவைப் பால்கனிக்குத் தள்ளி, சுவரெல்லாம் சீரியல் லைட் போட்டாயிற்று. நாற்பது பேர் தரையில் சம்மணம் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கால் மரத்துவிட்டது; கௌரவம் கருதி வெளியே சொல்லவில்லை. எதிரே கிட்டாரோடு ஒரு கோயமுத்தூர்ப் பையன், தானே இங்கிலீஷில் எழுதி மெட்டுப்போட்ட பிரேக்கப் பாட்டைக் கண்ணை மூடிப் பாடுகிறான். இதற்குப் பெயர் ஹவுஸ் கான்சர்ட். லேட்டஸ்ட் டிரெண்டாம்!

இந்த அலையைக் கிளப்பிய கம்பெனிகளில் ஒன்று 'சோஃபார் சவுண்ட்ஸ்'. 2009-இல் லண்டனில், பாட்டு நடக்கும்போது ஜனங்கள் தொணதொணவென்று பேசுகிறார்களே என்ற கடுப்பில் பிறந்தது. அட்ரஸைக் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள், பாடுவது யார் என்பது ரகசியம், வாயைத் திறக்கக் கூடாது. அடேயப்பா, என்ன ஐடியா! நம்ம ஜார்ஜ் டவுனில் ஒரு அம்மாள் இதே கடுப்பை நூறு வருஷத்துக்கு முன்பே பட்டுத் தீர்த்துவிட்டார் என்பதை லண்டனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

வீணை தனம்மாள். பிறந்தது 1867. சென்னை ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே வாசிப்பார். நோட்டீஸ் கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. கட்டுப்பாடு மட்டும் உண்டு. எவராவது இருமினாலோ, குசுகுசுவென்று பேசினாலோ வீணை நின்றுவிடும். வந்திருப்பவர் பெரிய வக்கீலா, பெரிய வித்வானா என்ற பேதமெல்லாம் இல்லை. வெற்றிலைப் பெட்டி மூடியைச் சத்தமில்லாமல் திறக்கத் தெரியாதவன் ரசிகனே இல்லை!

அம்மாளுக்குத் தலைக்கனம் என்று சிலர் நினைத்திருப்பார்கள். கொஞ்சம் இருந்திருக்கும், இருக்கட்டுமே. ஆனால் விஷயம் வேறு. தந்தியை மீட்டும் கோலே இல்லாமல் வெறும் விரல் நகத்தால் வாசிப்பவர் அவர். வருகிற நாதம் அடுத்த அறைக்கே போகாது. பிற்காலத்தில் பார்வையும் போய்விட்டது. காது ஒன்றையே நம்பி இருப்பவர் முன்னால் செருமினால் அது செருமலாகவா கேட்கும்? இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும்.

சரி, வந்தவர்களெல்லாம் சங்கீதத்துக்காகவா வந்தார்கள்? எனக்குச் சந்தேகம். "தனம்மாள் வீட்டில் கேட்டேன்" என்று மறுநாள் சொல்லிக்கொள்வது பி.ஏ. பட்டத்தைவிடப் பெரிய பட்டம். அன்றைக்கு இன்ஸ்டாகிராம் இல்லை, திண்ணை இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் வாசித்ததில் ஜாவளிகளுக்குத் தனி மவுசு. ஜாவளி என்றால் பயந்துவிட வேண்டாம். இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்து அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும் காதலனைத் திட்டுவது மாதிரியான சமாசாரம். எழுதி மெட்டுப்போட்டவர்களில் முக்கியமானவர் தருமபுரி சுப்பராயர். ஆம், பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழியில் நாம் தூங்கிக்கொண்டே தாண்டும் அதே தருமபுரி. பாட்டுக்குள் ஊர்ப் பெயரை முத்திரையாக வைத்துவிடுவார், வாட்டர்மார்க் மாதிரி. எழுதியதோ தெலுங்கில்! கோயமுத்தூர்ப் பையன் பெங்களூரில் உட்கார்ந்து இங்கிலீஷில் உருகுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் முதலில் சுப்பராயரிடம் கணக்குத் தீர்த்துவிட்டு வரட்டும்.

வீட்டுக் கச்சேரி விஷயத்தில் வெளிநாட்டு ஆசாமி ஒருவரையும் பார்த்துவிடலாம். வியன்னாவில் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட். அவர் பாட்டுகளுக்காகவே 1821 முதல் நண்பர்கள் வீட்டில் கூட்டம் கூடும். பாட்டு, குடி, டான்ஸ். குள்ளமாகக் குண்டாக இருந்த மேதைக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'குட்டிக் காளான்'. வாழ்க, நட்பு!

1827-இல் 'குளிர்காலப் பயணம்' என்ற பாட்டு வரிசையை உயிரைக் கொடுத்து அவர்களுக்குப் பாடிக் காட்டினார். எல்லோர் முகத்திலும் ஈ ஆடவில்லை. நெருங்கிய தோழர் ஷோபர் மெல்ல வாயைத் திறந்து, ஒரே ஒரு பாட்டு பிடித்தது என்றார். 'மற்றவையும் பிடிக்கும் பாருங்கள்' என்று ஷூபர்ட் சொன்னாராம். இன்று உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுவது அந்த வரிசையைத்தான். அடுத்த வருஷம் மார்ச் 26-ஆம் தேதி, தன் பாட்டுகளுக்கென்றே ஒரு பொதுக் கச்சேரி வைத்தார். ஹால் நிறைந்தது. மூன்றே நாளில் அதே ஊரில் வயலின் மேதை பகனினி மேடை ஏற, பத்திரிகைகள் அந்தப் பக்கம் ஓடிவிட்டன. அதே வருஷம் நவம்பரில் 31 வயதில் ஷூபர்ட் போய்ச் சேர்ந்தார். வாழ்நாளில் அவர் வைத்த அப்படிப்பட்ட கச்சேரி அது ஒன்றுதான்.

தனம்மாள் கதை மட்டும் என்ன? நகரத்துப் பெரிய மனிதர்கள் வாரம் தவறாமல் வந்து மூச்சடக்கிக் கேட்ட வீட்டில், கடன்காரர்களுக்கும் பஞ்சமில்லை. 1938-இல் அவர் காலமானபோது புகழ் மலையாய் இருந்தது, பணம் இல்லை. இருமாமல் இருப்பதையே சன்மானமாகக் கொடுத்துவிட்டோம் என்று ரசிகர்கள் நினைத்திருப்பார்கள் போல!

ஆகவே, இந்திராநகர் அன்பர்களே, பையன் பாடும்போது செல்போனைத் தொடாதீர்கள். முடிந்ததும், கதவோரம் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு முன்னால் மட்டும் மறக்காமல் எடுங்கள்.