சார் கையில் இருக்கிறது

எங்கள் துறையில் காலை பத்தரை மணி வாக்கில் ஒரு குரல் கேட்கும்: "அடடா, இன்னொண்ணா!" அடுத்த மேசைக்காரரின் மின்னஞ்சலில் புதுக் கட்டுரை ஒன்று வந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சார் ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அசோசியேட் எடிட்டர். சம்பளம் கிடையாது. ஜர்னலின் தளத்தில் 47 பேருக்கு நடுவே, இனிஷியலை விழுங்கிவிட்டு, பேரை மட்டும் போட்டிருக்கிறார்கள். அதற்காக விசிட்டிங் கார்டை மாற்றி அடித்தவர் அவர்.

இந்த ரகத்தினர் இப்போது காலேஜுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். எல்லோருக்கும் ஒரே கைப்பழக்கம். மின்னஞ்சலைத் திறப்பார்கள், தலைப்பைப் படிப்பார்கள், உடனே 'படிக்காதது' என்று மாற்றி வைத்துவிடுவார்கள். தடித்த எழுத்தில் நின்றால் மறக்காதாம். சாரின் பெட்டியில் அப்படித் தடித்து நிற்பவை இரண்டாயிரத்துச் சொச்சம்.

நாலாம் நாள் தளத்துக்குள் நுழைவார். கடவுச்சொல் நினைவிருக்காது. எடிட்டோரியல் மேனேஜர் என்ற அந்தத் தளத்தில் ஜர்னலுக்கு ஜர்னல் தனிக் கணக்கு. அது போதாதென்று கட்டுரையாளராக நுழைகிறாயா, மதிப்பீட்டாளராகவா, எடிட்டராகவா என்று வாசலிலேயே கேட்கும். ஒருநாள் அவசரத்தில் கட்டுரையாளராக நுழைந்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேய்யா! வேற யாருக்கோ மாத்திட்டாங்க போல" என்று துறைக்கே டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் உண்மை தெரிந்தது. டீக்காசு போனது போனதுதான்.

ஒருவழியாகக் கட்டுரை திறக்கும். ஆய்வுச் சுருக்கத்தைப் படிப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு அனுபவம் போதாது. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார். மேற்கோள் பட்டியலில் அவர் பெயர் இருந்தால், "பையன் நல்லாப் படிச்சிருக்கான்." இல்லையென்றால், "லிட்ரேச்சர் ரிவியூ வீக்." பிறகு எழுத்துத் திருட்டைக் காட்டும் ஐதென்டிகேட் மென்பொருளின் அறிக்கை. ஒப்புமை 38 சதவீதம் என்று வந்தால் முகத்தில் தீபாவளிதான், வேலை மிச்சம். 'எமது ஜர்னலின் வரம்புக்குள் அடங்கவில்லை, வேறிடத்தில் வெற்றிபெற வாழ்த்துகள்' என்ற கடிதம் தளத்திலேயே தயாராக இருக்கிறது. ஒரே ஒரு கிளிக். கட்டுரை நன்றாக இருந்து தொலைத்தால்தான் வில்லங்கம். மதிப்பீட்டாளர் தேட வேண்டும்.

இங்கேதான் எனக்கு அவர்மேல் இரக்கம் வரும். இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுதிவிட்டு மல்லுக்கு நின்றபோது, தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்தது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை என்று ஒரு கதை உண்டு. நல்ல உரை கேட்டால் அவன் கண்ணீர் வடித்து மெய்சிலிர்ப்பான், ரிப்போர்ட் அவ்வளவுதான். இன்றைய மதிப்பீட்டாளர்களும் ஊமைகள்தான். கண்ணீர் மட்டும் எடிட்டருடையது.

எட்டுப் பேருக்கு அழைப்பு விடுவார். மூன்று பேர் நேரமில்லை என்பார்கள். நாலு பேரிடமிருந்து மூச்சுப்பேச்சு இருக்காது. மிச்சம் இருக்கும் புண்ணியவான் 'சம்மதம்' என்று அமுக்கிவிட்டுக் காணாமல் போவார். கட்டுரையாளரே சில பெயர்களைப் பரிந்துரைத்திருப்பார். அவற்றைத் தொட சாருக்குப் பயம். காரணம் உண்டு. தென்கொரிய ஆய்வாளர் ஒருவர் போலி மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்து, தம் கட்டுரைகளைத் தாமே மதிப்பிட்டுக்கொண்டது 2012இல் அம்பலமானது. எப்படி மாட்டினார் தெரியுமா? ரிப்போர்ட்கள் 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தன. சொன்ன தேதிக்கு முன்னால் வேலையை முடித்தால் சந்தேகம் வருகிற தொழில் இது ஒன்றுதான்.

தம் கட்டுரையைத் தம்மைக் கேட்காமல் மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, 1936இல் ஐன்ஸ்டைன் ஃபிசிக்கல் ரிவ்யூவிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நம் சாரிடம் கொடுத்திருந்தால் அந்தக் கோபத்துக்கே வழியிருந்திருக்காது. அனுப்பவே மூன்று மாதம் ஆகியிருக்கும்.

இத்தனை நாளும் கட்டுரையாளருக்குத் திரையில் தெரிவது ஒரே வரி: 'எடிட்டர் கையில் இருக்கிறது.' அதைப் பிள்ளைகள் ஜாதகம்போலப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அது மாறினால் குரு பெயர்ச்சி. போன வாரம் எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், தேதி மாறியிருக்கு சார்! ரிவியூவுக்குப் போயிடுச்சா?" சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. ஒருத்தர் முடியாதுன்னு சொன்னாலும் தேதி மாறும்." அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனைக்கும் அவள் கட்டுரை சாரின் ஜர்னலில்கூட இல்லை. வேறு எங்கோ, வேறு ஒரு சாரிடம் கிடக்கிறது.

சாரின் சொந்தக் கட்டுரையும் ஒன்று வேறொரு ஜர்னலில் 112 நாளாகக் கிடக்கிறது. காலையில் வந்ததும் பையை வைப்பதற்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்ப்பார். அந்தக் கடவுச்சொல் மட்டும் மனப்பாடம். பார்த்துவிட்டு, "எடிட்டர்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல செத்துத் தொலைஞ்சானா?" என்று மேசையில் தட்டுவார். தட்டிய கையோடு தம் பெட்டிக்கு வருவார். "அடடா, இன்னொண்ணா!"

அவர் அழைப்பு விட்ட எட்டுப் பேரில் நானும் ஒருவன். மூச்சுப்பேச்சு இல்லாத நாலில் சேர்த்தி. அடுத்த மேசைதான், எட்டிக் கேட்டிருக்கலாம். விதிப்படி தளம் வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம், அனுப்பினார். மூன்று வாரம் ஆகிறது. திறந்தேன், தலைப்பைப் படித்தேன், 'படிக்காதது' என்று மாற்றி வைத்திருக்கிறேன்.