ஆத்தைக் காப்பாத்தறவிய கவனத்துக்கு

நொய்யலைக் காப்பாத்தப் போறீங்களாமா? நெம்ப சந்தோசம் கண்ணு. ஞாயித்துக்கெழமை காலையில ஆறு மணிக்கு ஊர்வலம், ஏழரைக்கு உறுதிமொழி, எட்டரைக்குப் பொங்கலும் வடையும். அதுக்குள்ளாற ஆறு சுத்தமாயிருச்சுன்னா வெயிலுக்கு முந்தி ஊடு வந்து சேந்துரலாம். நல்ல திட்டம். நீ வந்து ரோசனை கேட்டதும் நல்லதாப் போச்சு. எங்கிட்ட வேற ஒன்னும் இல்லாட்டியும் ரோசனை மட்டும் எச்சாவே இருக்குது.

அதென்ன சாமி, பச்சைக் கலர்ல பனியன்? நெஞ்சு மேல 'நொய்யலை மீட்போம்'னு வேற எழுதியிருக்குது. ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பச்சை எங்கிருந்து வந்துது? நீ கம்பெனியில மெர்ச்சண்டைசர், கட்டிங் டேபிளுக்கு அக்கட்டால போனதில்லை. அப்பாரு சொல்றேன் கேட்டுக்க. பருத்தித் துணியில ரியாக்டிவ் சாயம் தானா ஏறாது. தொட்டியில உப்பைக் கொட்டோணும். உப்புத்தான் சாயத்தைத் தண்ணியில இருந்து நூலுக்குத் தள்ளி உடும். கலரு அடர்த்தியாக ஆக உப்பும் எச்சாகும். கருப்பு, நேவின்னா லிட்டருக்கு 60, 80 கிராம்னு போகும். தள்ளி உட்டதோட உப்புக்குச் சோலி முடிஞ்சுது. துணியில ஒரு கல்லுகூட ஒட்டாது, போட்டதத்தனையும் அலசற தண்ணியோட வெளிய வந்துரும். அதனால அடுத்த ஊர்வலத்துக்கு வெளிர் கலரா அடி. பக்தி இன்னும் எச்சா இருந்துதுன்னா வெள்ளை. வெள்ளைக்கும் ப்ளீச்சிங் உண்டே, பேசாம கோராத்துணியிலயே தெச்சுப் போட்டுக்குங்க. போட்டோவுல எடுப்பா இருக்காது. அதைப் பத்தி ஆத்துக்கு வெசனமில்லை.

ஆறுன்னு சொல்றியே, அது எங்க பொறந்து எங்க போகுதுன்னாவது தெரியுமா? வெள்ளியங்கிரி மலையில எறங்கி, பேரூர் பட்டீசுவரரைச் சேவிச்சுப் போட்டு, கோயமுத்தூரு, சூலூரு, திருப்பூருன்னு வந்து, கரூர்ச் சில்லாவுல நொய்யல்ங்கற ஊருகிட்டயே காவேரியில சேருது. அந்தக் காலத்துப் பேரு காஞ்சிமாநதி. வருசம் பூராவும் ஓடற ஆறல்ல இது. மழைக்கு வரும், போயிரும். அந்தக் கொஞ்ச நாள் தண்ணியை வெச்சுக்கத்தான் அணைக்கட்டு, வாய்க்கால், ஒன்னு நெறஞ்சா இன்னொன்னுன்னு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளமெல்லாம் வெட்டி வெச்சாங்க. அப்பேர்ப்பட்ட ஆளுங்களுக்கே கோடையில குளம் வத்திப் போகும். நம்ம காலத்துல சாக்கடையத் திருப்பி உட்டோம் பாரு, சித்திரை வெயில்லயும் குளம் தளும்புது. மூத்தவிய செய்யாததை நாம செஞ்சுட்டோம்.

அணைக் கதையைச் சொல்லாம உட்டா உன்ற ஊர்வலம் முழுசாகாது. ஒரத்துப்பாளையத்துல ஆத்துக்குக் குறுக்க 40 அடி ஒசரத்துல அணையக் கட்டி 1992ல தொறந்தாங்க. கரூர் வரைக்கும் ஆயிரக்கணக்குல ஏக்கருக்குத் தண்ணின்னாங்க. நாங்களும் வாழை வெக்கலாமா, மஞ்ச வெக்கலாமான்னு திண்ணையில உக்காந்து பழமை பேசிட்டு இருந்தோம். அதே சமயத்துல திருப்பூர்ல பனியன் ஏத்துமதி சக்கைப்போடு போட்டுது. பட்டறைக மேலே பட்டறைக. அங்க உட்ட சாயத்தண்ணி நேரா வந்து நம்ம அணையில குடியேறிருச்சு. நாங்க பாசனத்துக்குன்னு காத்திருந்த அணை, ஊருக்கெல்லாம் சாயத்தொட்டியாப் போச்சு.

அணைத்தண்ணி நெலத்துக்குள்ளாற எறங்கிக் கெணத்துக்கு வந்துது. வாய்க்காக் கரையில வெள்ளையாப் பொரிஞ்சு நிக்கும். வெரல்ல தொட்டு நாக்குல வெச்சாத் தெரியும், உப்பு. கட்டுத்தறியில தாழியில ஊத்துனா மாடு மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். மாட்டுக்குப் படிப்பறிவு கெடையாதே, 'அளவுக்கு உட்பட்டுத்தான் இருக்குது'ன்னு அதுக்கு ஆரு எடுத்துச் சொல்றது? பொண்ணு பாக்க வந்த ஒறம்பரைகூட மொதல்ல பையனைக் கேக்க மாட்டாங்க, கெணத்துத் தண்ணியைத்தான் கேப்பாங்க.

பொறகு நாங்க பண்ணுனதுதான் பெரிய வேடிக்கை. காவேரியில தண்ணி உடச் சொல்லி டில்லி வரைக்கும் போற நாடு இது. அதே நாட்டுல, 'அய்யா, அணையில தண்ணி தேக்காதீங்க, மதகைத் தொறந்தே வெச்சிருங்க'ன்னு மனுக் குடுத்த வெவசாயிக நாங்க. அணையும் வேணும்னோம், வந்துது. அணையே வேண்டாம்னோம், அது மட்டும் லேசுல நடக்கலை.

நடுவுல 'பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டிப்போட்டோம், இனி வெசனமில்லை'ன்னாங்க. ஒருத்தரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சுக் காட்டுனாரு. கலரே இல்லை, தெளிஞ்சு இருந்துது. 'நெம்ப நல்லா இருக்குதுங்க, ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டுங்க'ன்னேன். அவருக்கு அன்னிக்குன்னு பாத்து வெரதம். விசயம் என்னன்னா கண்ணு, ரசத்தை வெள்ளைத் துணியில வடிச்சா மொளகும் தக்காளித் தோலும் நிக்கும், உப்பு நிக்குமா? அந்த நிலையமும் அப்படித்தான். சாயத்தையும் கசடையும் புடிச்சுது. கரைஞ்ச உப்பு அது பாட்டுக்கு வெளிய வந்துது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல கரைஞ்ச உப்பு இருக்கக் கூடாதுன்னு விதி. விதி கடுதாசியில இருந்துது, உப்பு கெணத்துல இருந்துது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்துக்காரங்க 2003ல ஐக்கோர்ட்டுக்குப் போனாங்க. 2006 டிசம்பர்ல தீர்ப்பு. அடுத்த வருசம் சூலை முடியறதுக்குள்ளாற ஒரு சொட்டுக் கழிவும் வெளிய வரக்கூடாது, அது வரைக்கும் உடற தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம், பொறகு 8, பொறகு 10. பைசாவுக்கு மதிப்பில்லாமப் போயி எத்தனையோ வருசம் கழிச்சு அதைத் திரும்பப் பொழக்கத்துக்குக் கொண்டு வந்தது நம்ம நொய்யல்தான். பட்டறைக்காரங்க டில்லிக்குப் போனாங்க. 2009 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லி மூணு மாசம் தவணை குடுத்துது. தவணை முடிஞ்சுது, சாயம் நிக்கலை. 2011 சனவரி 28ல ஐக்கோர்ட்டு, எல்லாப் பட்டறையையும் மூடு, கரண்டைப் புடுங்குன்னு உத்தரவு போட்டுருச்சு. ஏழுநூத்துக்கு மேல பட்டறைக ஒட்டுக்கா நின்னுது.

அதுக்கு முந்தின நாள் வரைக்கும் 'ஒரு சொட்டும் வெளிய உடாம சாயம் போட முடியவே முடியாது, உலகத்துல எங்கயுமே இல்லை'ன்னுட்டு இருந்தாங்க. பீஸைப் புடுங்குனதும் அறிவு பளிச்சுன்னு எரிஞ்சுது பாரு! ஆர்.ஓ.வுல தண்ணியைப் பிரி, மிச்சம் நிக்கற உப்புத்தண்ணியை எவாப்பரேட்டர்ல காச்சு, உப்பை எடு, தண்ணியையும் உப்பையும் திரும்பத் தொட்டியிலயே ஊத்து. அரசாங்கம் 200 கோடி ரூவா வட்டியில்லாக் கடன் குடுத்துது. திருப்பூரே அழிஞ்சு போயிரும்னு சொன்னவியதான் இன்னிக்கு வருசத்துக்கு 30,000 கோடிக்கு மேல ஏத்துமதி பண்ணிப்போட்டு, வெளிநாட்டுப் பையர் வந்தா மொதல் வேலையா சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க. 'பாருங்க, எங்க இயற்கைப் பாசத்தை!' பாசந்தான், ஆரு இல்லைன்னது? கோர்ட்டு வெச்ச பாசம்.

சும்மா சொல்லக்கூடாது, வலியும் இருந்துது. சின்னப் பட்டறைக்காரன் மூடுனவன் மூடுனதுதான். கூலிக்கு வந்தவன் மூட்டையக் கட்டுனான். எவாப்பரேட்டரு குடிக்கற கரண்டும் வெறகும் கொஞ்சமல்ல. எதுக்கும் திரும்பப் போட முடியாத கலப்பு உப்பு சாக்கு சாக்கா அடுக்கி நிக்குது. சில புத்திசாலிக ராத்திரியோட ராத்திரியாப் பவானிப் பக்கமும் காளிங்கராயன் வாய்க்காப் பக்கமும் போயித் தொட்டி போட்டாங்க. காளிங்கராயன் 1283ல வாய்க்கா வெட்டுனப்ப இவியளுக்காகத்தான் வெட்டறோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம்.

பட்டறைக்காரனையே சொல்றேன்னு நெனைச்சுக்காத. எங்க ஆளுங்க மட்டும் லேசுப்பட்டவியளா? என்ற பங்காளி ஒருத்தன் இருந்தான். கெணத்துல தண்ணி நல்லா இருந்த வரைக்கும் ராத்திரி பகலா லாரியில ரொப்பிப் பட்டறைக்கு வித்தான். அதே தண்ணி கலராகி ஆத்து வழியாத் திரும்பி வந்தப்ப, மாலையப் போட்டு உக்காந்து உண்ணாவிரதம் இருந்தான். 'ஏன்டா, நீ வித்ததுதான்டா வந்திருக்குது, எடுத்து வெச்சுக்க'ன்னேன். அன்னியில இருந்து நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்படறதில்லை.

இப்ப இருக்கற ஆத்துக்கு வருவோம். 2017ல கோயமுத்தூர்ப் பக்கம் ஆத்துல மலையா நுரை வந்துது. அப்ப சுற்றுச்சூழல் மந்திரியா இருந்தவரு, சனங்க சோப்புப் போட்டுக் குளிக்கறதால வர்ற நுரைன்னு சொல்லிப்போட்டாரு. நாடே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்பறம் ரோசனை பண்ணுனேன்: பாதி நெசந்தான் போல இருக்குதே! சங்கனூர்ப் பள்ளத்துலயும் திருப்பூர் ஜம்மனை ஓடையிலயும் ஓடறது என்ன, பன்னீரா? நம்ம பொடக்காளித் தண்ணி, நம்ம கக்கூசுத் தண்ணி. பட்டறைக்காரனுக்குக் கரண்டைப் புடுங்கலாம். லச்சக்கணக்கான ஊட்டுப் பொடக்காளியப் பூட்டச் சொல்லி எந்தக் கோர்ட்டு உத்தரவு போடும்? அதனாலதான் சாயப்பட்டறையத் திட்டறது நமக்கெல்லாம் நெம்பப் புடிக்குது. திட்டறதுக்கு ஒருத்தன் கெடைச்சுட்டா, குனிஞ்சு நம்ம காலடியப் பாக்க வேண்டீது இல்லை பாரு.

குளக்கரையில நடைபாதை போட்டு, கலர் லைட்டுக் கட்டி, 'ஐ லவ் கோவை'ன்னு எழுத்தும் நட்டாங்க. நல்லாத்தான் இருக்குது, நானும் நின்னு ஒரு போட்டோ புடிச்சுக்கிட்டேன். மூச்சை மட்டும் சித்த நேரம் அடக்கிக்கோணும். கரைக்குச் செலவு பண்ணுனா வந்தவனுக்குத் தெரியும். மண்ணுக்குள்ளாற சாக்கடைக் குழாய் பதிச்சா ஆருக்குத் தெரியும்? கல்வெட்டு வெக்கறதுக்குக்கூட எடமில்லாத வேலை.

ஆனாலும் மனசு உட்டுப் போயிராத. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்குது. நல்லாத்துத் தண்ணி வந்து நெறையற குளம். அதுவும் ஒரு காலத்துல சாயத்தைக் குடிச்ச குளந்தான். சாயம் கொறைஞ்சுது, கரையச் சுத்தி ஆளுங்க கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் காவல் காத்தாங்க. எங்கெங்கயோ இருந்து பறவைக வந்து எறங்குது, இமயமலையத் தாண்டி வர்ற வரித்தலை வாத்துகூட வருது. 2022ல அதைப் பறவைகள் சரணாலயம்னாங்க, 2024ல ராம்சார் பட்டியல்லயும் சேத்தாங்க. இதுல கவனிக்க வேண்டீது என்னன்னா, மொதல்ல பறவை வந்துது, பலகை பொறகுதான் வந்துது. நாம எப்பவும் பலகையை மொதல்ல வெச்சுப்போட்டு வானத்தைப் பாத்துட்டு நிக்கறோம்.

ஆத்துக்கு வைத்தியம் பண்ண நாம பெரிய ஆளுங்க இல்லை கண்ணு. ஒரு நல்ல மழை வந்தா அது தன்னைத் தானே கழுவிக்கும். நாம ஊத்தறதை நிறுத்தோணும், அவ்வளவுதான். மண்ணுல எறங்குன உப்புக்கு மட்டும் பல மழை வேணும், அதுக்குப் பொறுமை இருக்கோணும். நிறுத்தறதுன்னா உறுதிமொழியில நிறுத்துனதா நானறிஞ்சு எதுவுமில்லை. காசோ, கரண்டோ, எதோ ஒன்னைக் கையில புடிச்சுத்தான் நிறுத்தோணும்.

அதனால உனக்கு ஒரே ஒரு சோலி குடுக்கறேன். ஞாயித்துக்கெழமை வரைக்கும் நாள் இருக்குது. நீ இருக்கற அபார்ட்மெண்டுல எரநூறு ஊட்டுக் கழிவு எங்க போகுதுன்னு கண்டுபுடி. சுத்திகரிப்புத் தொட்டி இருந்துதுன்னா, மோட்டாரு ஓடுதா, கரண்டு பில்லுக்குப் பயந்து நிறுத்தி வெச்சிருக்குதான்னு தொட்டுப் பாரு. ராத்திரி வர்ற செப்டிக் டேங்க் லாரி எந்தப் பள்ளத்துல போயிப் பைப்பைத் தொறக்குதுன்னு வண்டியில பின்னாலயே போயிப் பாரு. பாத்துப்போட்டு உங்க சங்கத்துச் செக்ரட்டரிகிட்ட, நாலு பேரு இருக்கற கூட்டத்துல, மரியாதையாக் கேளு. அவரு 'தம்பி நெம்ப நல்ல கேள்வி'ன்னு முதுகுல தட்டிக் குடுத்தாருன்னா நீ தப்பான எடத்துல நிக்கறேன்னு அர்த்தம். மறுநாள்ல இருந்து லிஃப்ட்டுல உன்னைப் பாத்தும் பாக்காத மாதிரி நின்னாருன்னா, சபாஷ், ஆத்துக்கு வழி கண்டுபுடிச்சுட்டே.