இரவுக்கு மனுப் போடுபவர்

வானியலாளர் என்றால் விடிய விடியத் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பவர் என்று நினைப்பவர்கள் நம்மவரைப் பார்க்க வேண்டும். அவர் விடிய விடிய விழித்திருப்பது உண்மைதான். பார்ப்பது மட்டும் மடிக்கணினித் திரையை. காவலூரோ, லடாக்கின் ஹான்லேயோ, சிலியின் பாலைவனமோ, எங்கிருக்கும் தொலைநோக்கியானாலும் மனுப் போட்டுத்தான் நேரம் வாங்க வேண்டும். அது லேசில் கிடைக்காது. 2024 அக்டோபரில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு வந்து குவிந்த மனுக்கள் 2,377. எல்லாரும் சேர்ந்து கேட்டது சுமார் 78,000 மணி நேரம். வருஷத்துக்கே 8,760 மணிதான் என்பது பற்றி யாரும் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மனுவில் ஒரு சூட்சுமம் உண்டு. என்ன தெரியப்போகிறதோ தெரியாது என்று எழுதினால், குருட்டாம்போக்கில் தேடுகிறார் என்று தள்ளிவிடுவார்கள். இன்னதுதான் தெரியும் என்று அடித்துச் சொன்னால், பிறகு பார்ப்பானேன் என்று கேட்பார்கள். ஆகவே நம்மவர் நாலு பக்கமும் பாதி தெரிந்தவராகவே எழுதுவார். ஐந்தாம் பக்கத்துக்கு அனுமதி இல்லை. படத்தைச் சுருக்கிச் சுருக்கி, அதன் ஓரத்து எண்களைப் படிக்கவே தனியாக நேரம் கேட்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

மங்கலான கேலக்ஸியைத் தரையிலிருந்து படம்பிடிக்க நிலா இல்லாத இரவு வேண்டும். நாள் நட்சத்திரத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவர்தான். ஆனால் அடுத்த வருஷத்து அமாவாசைகளை அவர் ஒப்பிக்கும் வேகத்தில் எந்தப் புரோகிதரும் ஒப்பிக்க மாட்டார். கணக்குப்படி மூன்று இரவு ஆகும். காற்று இன்னும் கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்று போட்டால் இரண்டே இரவு. போடுவார்.

ஹபிள் தொலைநோக்கிக்கு 2018 முதல் மனுவில் ஆள் யாரென்று தெரியக்கூடாது. ‘முன்பு நாங்கள் காட்டியபடி’ என்றெல்லாம் எழுத வழியில்லை. இதில் நம்மவருக்கு வருத்தமே கிடையாது. தம் பழைய கட்டுரையை யாரோ எழுதியதுபோலக் காட்டி, ‘இதை ஐயமற நிறுவியிருக்கிறார்கள்’ என்பார். அடக்கமும் கெடவில்லை, ஆசையும் தீர்ந்தது.

கெடு முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது, மூன்று வாரமாக வாயே திறக்காத கூட்டாளிப் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வரும்: “அருமை. தலைப்பை மட்டும் மாற்றிவிடலாமா?”

மனு நிராகரிக்கப்பட்டால், மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர்கூட முழுசாகப் படிக்கவில்லை என்று மாசக்கணக்கில் பொருமுவார். சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கியில் 2021 முதல் அதற்கும் வழி செய்துவிட்டார்கள். அங்கே பெரும்பாலான மனுக்களை மதிப்பிடுவது மனுப் போட்டவர்களேதான். ஒரு மனுவுக்குக் கூலியாக, பிறருடைய பத்து மனுக்களைப் படித்துத் தரவரிசை போட்டுத் தர வேண்டும். நம்மவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தார். காபி வருவதற்குள் ஏழாவது மனுவுக்கு வந்துவிட்டார். முதல் பத்தியை மேய்ந்தார், படத்தைப் பார்த்தார், தட்டினார்: “நல்ல முயற்சி. ஆனால் என்ன தெரியப்போகிறது என்பதை அழுத்தமாகச் சொல்லவில்லை.”