மலிவு வேட்டையர்

மலிவு வேட்டையர் எனப்படுவோர், கையில் எடுத்துப் பார்த்த பொருளின் விலையை ஒருபோதும் நம்பாமல், கண்ணால் காணாத பொருளின் விலையை முழுமையாக நம்பும் மக்கட்பிரிவினர் ஆவர். வட சிலாங்கூர் முழுவதும் இப்பிரிவினர் காணப்படுகின்றனர் என்றாலும், தஞ்சோங் காராங்கிற்கும் செகிஞ்சானுக்கும் இடையே நெல்வயல்கள் சூழ அமைந்த சுங்கை புரோங்கிலும், செம்பனைத் தோட்டங்களை விட்டு வெளியேறியோர் குடியேறிய ‘தாமான்’ எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் இவர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளுக்குப் போய்வரும் பெட்ரோல் செலவை மிச்சப்படுத்தத் தெரிந்தவர்கள் என்று அக்கம்பக்கத்தார் இவர்களைக் கருதுவதே அதற்குக் காரணம்.

பட்டணத்துக் கடையில் விளக்குமாற்றுக்கு ஐம்பது காசு கூடிவிட்டால், “என்ன அண்ணே, போன மாசம் இந்த விலை இல்லையே!” என்று கால் மணி நேரம் வாதாடும் மலிவு வேட்டையர், கைப்பேசித் திரையில் அடித்துக் காட்டப்பட்ட பழைய விலையையும் அதன் பக்கத்தில் சிவப்பில் எழுதப்பட்ட புதிய விலையையும் மட்டும் படித்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள எதையும் படிக்காமல் பணம் செலுத்தும் இயல்பினர்.

இவருடைய பொற்காலம் 2023ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அதுவரை, விமானக் கூரியரில் வரும் பொருளின் மதிப்பு 500 ரிங்கிட்டை, அதாவது 500 வெள்ளியை, தாண்டாதவரை பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வையும் இல்லை, விற்பனை வரியும் இல்லை என்பதால், அந்த வரம்புக்குள் நிற்பதை அவர் ஒரு கலையாகவே வளர்த்திருந்தார். 700 வெள்ளிக்கு வரவேண்டிய புல்வெட்டும் இயந்திரத்தை, இயந்திரம் தம் பெயரிலும் கத்தியும் உதிரிப் பாகங்களும் மனைவி பெயரிலுமாகப் பிரித்து வரவழைத்ததை இன்றும் பெருமையுடன் விளக்குவார். குறைந்த மதிப்புப் பொருள் வரி, அதாவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு இணையவழி விற்கப்படும், 500 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைந்த விலையுள்ள பொருளுக்கு விதிக்கப்படும் 10 விழுக்காட்டு விற்பனை வரி, 2023 ஏப்ரல் 1 முதல் வரவிருந்து, பிறகு ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தபோது, அந்தக் கலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மலேசியாவுக்கு இத்தகைய பொருள்களைப் பன்னிரண்டு மாதத்தில் 500,000 ரிங்கிட்டுக்கு மேல் விற்பவர்களே சுங்கத் துறையில் பதிந்துகொண்டு இந்த வரியை வசூலிக்க வேண்டும் என்று அறிந்ததும், பதியத் தேவையில்லாத சிறு விற்பனையாளர் ஒருவரை அவர் தேடிக் கண்டுபிடித்தார். அந்த விற்பனையாளரிடமிருந்து வரியும் வரவில்லை, பொருளும் வரவில்லை.

வரியைவிட அவரை அதிகம் புண்படுத்தியது ‘கன அளவு எடை’ என்னும் கோட்பாடாகும். பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 அல்லது 6000 என்னும் எண்ணால் வகுத்துக் கிடைக்கும் கிலோவுக்கும் உண்மையான எடைக்கும் இடையே எது கூடுதலோ அதற்கே கட்டணம் என்பது இதன் பொருள். தீபாவளிக்கென்று சீனாவிலிருந்து வரவழைத்த நெகிழி மாவிலைத் தோரணம் இரண்டு கிலோ எடைதான் இருந்தது என்றாலும், அது வந்த பெட்டி 60, 40, 40 சென்டிமீட்டர் அளவினதாக இருந்தமையால், 6000ஆல் வகுத்த பின் 16 கிலோவாகக் கணக்கிடப்பட்டது. “காத்துக்குமா காசு?” என்று சரக்கு முகவரிடம் அவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் வரவில்லை, வீட்டுப் பின்புறத்தில் மாமரம் நிற்கையில் தோரணம் எதற்கு என்று மனைவி எழுப்பிய கேள்விக்கும் பதில் இல்லை.

வரம்பைத் தாண்டும் பொருளில் துன்பம் வேறு வகையானது. சென்னையிலிருந்து 1,200 வெள்ளிக்குப் பட்டுப் புடவை வாங்கும்போது, புடவையின் விலையோடு காப்புறுதியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையே அதன் மதிப்பாகக் கொள்ளப்படுகிறது. அதன்மேல் தீர்வை இருந்தால் அதைச் சேர்த்து, அப்படிச் சேர்ந்த மொத்தத்தின்மேல் விற்பனை வரி கணக்கிடப்படுவதால் தீர்வைக்கும் வரி கட்ட நேர்கிறது. சுங்கச் சோதனையை முடித்துத் தந்ததற்குக் கூரியர் நிறுவனம் கேட்கும் கட்டணம் இதற்கு அப்பாற்பட்டது. இவற்றைத் தவிர்க்க, பெட்டியின்மேல் ‘பரிசு, 50 வெள்ளி’ என்று எழுதும்படி கடைக்காரரிடம் கேட்கலாமா என்று அவர் ஆலோசித்ததுண்டு. பொய்யான அறிவிப்பு 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி குற்றம் என்று தெரிந்த பின்னர், தாம் ஆலோசித்ததையே மறந்துவிட்டார். உண்மையான கட்டணம் ஒவ்வொன்றையும் இவ்வாறு எதிர்த்துப் போராடும் அவர், ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 3 வெள்ளி செலுத்துக’ என்று மோசடிக்காரர் அனுப்பும் குறுஞ்செய்தியைக் கண்டால் மட்டும், இவ்வளவு மலிவான வரி உலகில் இல்லை என்று மகிழ்ந்து அட்டை எண்ணைத் தட்டிவிடுகிறார்.

இந்தத் துயரம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியம் சிறு பொட்டலங்களுக்கான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. சிங்கப்பூர் 2023 ஜனவரியிலிருந்து இத்தகைய பொருள்களுக்குப் பொருள் சேவை வரி விதிக்கிறது. அமெரிக்கா தன் 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. இச்செய்திகளை அவரிடம் சொன்னால், தம்மைக் கண்டே உலகம் சட்டம் இயற்றுகிறது என்ற நிறைவு அவர் முகத்தில் தோன்றும்.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய இலாபம் குறைவதில்லை என்பதே ஆய்வுக்குரியது. வரி அரசாங்கத்தின் குற்றம், எடை முகவரின் குற்றம், நாணய மாற்றில் போனது வங்கியின் குற்றம் என்று ஒவ்வொன்றையும் உரியவர் கணக்கில் எழுதிவிடுவதால், அடித்துக் காட்டப்பட்ட விலைக்கும் சிவப்பு விலைக்கும் உள்ள வித்தியாசம் அவர் கணக்கில் முழுமையாக எஞ்சுகிறது. இக்கட்டணங்கள் அவருக்கு விளங்கவில்லை என்று கருதுவதும் பிழையாகும். பக்கத்து வீட்டுப் பெண், “அண்ணே, எனக்கும் ஒன்னு சேர்த்துப் போடுங்க” என்று கேட்டுப் பொருள் வந்து சேர்ந்ததும், 10 விழுக்காட்டு வரி, கன அளவு எடை, நாணய மாற்றுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் சட்ட அடிப்படையையும் பொறுமையாக விளக்கி, தாமானின் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்ரோலுக்கு ஐந்து வெள்ளியும் சேர்த்து அவர் வாங்கிக்கொள்கிறார்.