பத்து மீனும் முப்பது பேரும்

கலிபோர்னியாவின் மான்டரே துறையில் விடிவதற்கு முன்பே முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் கட்டி, ராக்ஃபிஷ் எனப்படும் பாறைமீன் பிடிக்கப் போகும் கூட்டுப் படகில் ஓர் இடம் வாங்கியவர்கள். தனிப் படகு எடுக்கக் காசில்லாதவர்களும், காசிருந்தும் கூட வர ஆள் கிடைக்காதவர்களும் இதில் உண்டு. வீட்டில் சொல்லிக்கொள்ளும் காரணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: கடல் காற்று உடம்புக்கு நல்லது.

படகின் பின்மூலைதான் முதல் மரியாதைக்குரிய இடம். அங்கே நின்றால் பக்கவாட்டிலும் தூண்டில் போடலாம், பின்னாலும் போடலாம். அடுத்தவர் நூல் ஒரு பக்கத்திலிருந்துதான் வந்து சிக்கும். அதற்காகவே எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் தூண்டில் கம்பை அந்த மூலையில் செருகிவிட்டு, நிதானமாகக் காபி குடிக்கப் போகும் ஒருவர் எந்தப் படகிலும் இருப்பார். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவருக்கும் இவருக்கும் துண்டின் விலையில் மட்டும்தான் வித்தியாசம். இவரை மூலைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

இன்னொருவரும் எந்தப் படகிலும் இருப்பார். முதல்முறை வருபவர். புத்தம்புது மழைச்சட்டை, விலைச்சீட்டு இன்னும் தொங்கும் தொப்பி, பையில் மதியத்துக்கு இரண்டு வாழைப்பழம்.

படகில் வாழைப்பழம் ஆகாது என்பது அங்குள்ள தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை. காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அழுகுவதற்குள் சரக்கைச் சேர்க்க ஓடிய பழக்கப்பல்களில் தூண்டில் போட நேரமிருந்ததில்லை என்பார் ஒருவர். குலைக்குள் விஷச் சிலந்தி ஒளிந்திருந்தது என்பார் மற்றவர். சோனார் திரையில் கடலடியின் மேடுபள்ளத்தைப் பார்த்துப் படகு ஓட்டும் கேப்டன்கூட, ஒரு பூவன்பழம் அளவுக்கு எதையாவது கண்டால் முகம் சுளிப்பார். அன்றைக்கு மீன் கிடைக்காவிட்டால் குற்றவாளி யார் என்பது துறையிலேயே முடிவாகிவிடும். நம் புதியவருக்கும் வாழைப்பழக்காரர் என்ற பெயர் நிலைத்துவிடும்.

துறையைத் தாண்டி, 1855 முதல் எரிந்துகொண்டிருக்கும் பாயின்ட் பினோஸ் கலங்கரை விளக்கை ஒட்டித் திரும்பியதும் பசிபிக் தன் வேலையைத் தொடங்கும். அலை உடைவதில்லை, படகை மெல்லத் தூக்கி, யோசித்து, மெல்ல இறக்கும். அந்த யோசனைதான் வயிற்றுக்கு ஆகாது. போதாக்குறைக்கு உள்ளே சமையலறையில் யாராவது பன்றி இறைச்சி வறுப்பார்கள். மாத்திரையை முந்தைய இரவே போட்டிருக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் மற்றதோடு சேர்ந்து வெளியேறும். அனுபவசாலிகள் தரும் அறிவுரை இரண்டு: தொடுவானத்தைப் பார், காற்று முதுகில் படும் பக்கம் போய்க் குனி. முதலாவது உங்கள் நன்மைக்கு. இரண்டாவது மற்ற 29 பேர் நன்மைக்கு.

கேப்டன் பாயின்ட் சர் பக்கத்துப் பார் ஒன்றின் மேல் படகை நிறுத்தி, ‘போடுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் முப்பது ஈயக்குண்டுகள் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழும். ஒரு நூலுக்கு இரண்டு தூண்டில் முள், அதற்கு மேல் சட்டம் அனுமதிக்காது. முள்ளில் கணவாய்த் துண்டு. குண்டு அடியைத் தொட்டதும் ரீலை இரண்டு சுற்று சுற்றித் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாறை பிடித்துக்கொள்ளும். வாழைப்பழக்காரர் தூக்கவில்லை. கம்பு வில்லாக வளைய, ‘பெரிசு, பெரிசு!’ என்று கத்தினார். பெரிசுதான். வட அமெரிக்கக் கண்டம்.

அதை அறுத்துவிட்டு வருவதற்குள் நூல்கள் பின்னிக்கொள்ளும். இருநூறு அடி ஆழத்தில் நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, மேலே காற்று படகை மறுபக்கம் தள்ளுகிறது. ஐந்து பேர் ஒரே சமயத்தில் மீன் மாட்டியதாக மகிழ்ந்து சுற்றுகிறார்கள். மேலே வருவது ஐந்து குண்டும் பத்து முள்ளும் ஒரே முடிச்சில் சேர்ந்த ஒரு கூட்டுக் குடும்பம். அதில் பெரும்பாலும் ஒரு சிறிய மீனும் இருக்கும். அது யாருடையது என்பதில் ஐந்து அபிப்பிராயம். டெக்ஹேண்ட் என்கிற படகுப் பணியாளர் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், இரண்டே வெட்டில் விஷயத்தை முடிப்பார். படகில் உண்மையான அதிகாரம் கேப்டனிடம் இல்லை, இந்தக் கத்தியிடம்தான். மாலையில் பணியாளருக்கு 15, 20 சதவீதம் இனாம் கொடுப்பது வழக்கம். குறைவு என்று நினைப்பவர்கள் முடிச்சு போட்டவர்கள். அதிகம் என்று நினைப்பவர்களும் அவர்களேதான்.

பாறைமீனைக் குறைத்து எடைபோட முடியாது. செபாஸ்டிஸ் என்ற பேரினத்தில் உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். கலிபோர்னியாக் கரையோரம் மட்டும் அறுபதுக்குக் குறையாது. முட்டை இடாமல் குஞ்சுகளாகவே ஈனும், அதுவும் லட்சக்கணக்கில். சிவப்பாகப் பளபளக்கும் வெர்மிலியன் அறுபது ஆண்டு வரை வாழக்கூடியது. வடக்கே அலாஸ்காக் கடலில் ரஃப்ஐ என்ற வகையில் ஒன்றின் செவிக்கல்லில் வளையங்களை எண்ணிப் பார்த்து வயது 205 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்பது வயது ஆசாமி அறுபது வயது மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான்.

மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமடையும் இந்த மீன்களை இழுவலைகள் அள்ளித் தீர்த்தன. 2000-ஆம் ஆண்டு மேற்குக் கரை அடிமீன் தொழிலை அமெரிக்க மத்திய அரசு பேரிடராக அறிவித்தது. பெரும் பரப்புகளை மூடினார்கள், அளவுகளை வெட்டினார்கள். மீண்டு வர நெடுங்காலம் ஆகும் என்று அஞ்சப்பட்ட பாறைமீன் வகைகளில் கேனரி 2015-லும், பொக்காச்சியோ 2017-லும், கௌகாட் 2019-லும் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டன. கடல் விவகாரத்தில் நல்ல செய்தி அபூர்வம் என்பதால் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லலாம்.

அந்த நல்ல செய்திக்கான விலையைப் படகில் எண்ணிக் கொடுக்கிறார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதம் படகுக்காரர்களுக்குத் தடை. ஆளுக்குப் பத்து பாறைமீன். அதற்குள் வெர்மிலியனுக்குத் தனி வரம்பு, காப்பர் என்ற வகைக்கு இன்னொரு வரம்பு. 2023-இல் குவில்பேக் என்ற வகையைத் தொடவே கூடாது என்று தடையும் வந்தது. குவில்பேக்குக்கும் அதன் சாயல் கொண்ட மற்றதற்கும் வித்தியாசம் மீனுக்கும் டெக்ஹேண்டுக்கும் மட்டுமே தெரியும். கூடாதது வந்தால் கடலில் வீசினால் போதாது. ஆழத்திலிருந்து வந்த வேகத்தில் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே தள்ளி, மிதக்கும். கடற்காக்கைகள் காத்திருக்கின்றன. எனவே தாடையில் ஒரு கவ்வியை மாட்டி, குண்டு கட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கிவிடுகிறார்கள். அங்கே அழுத்தம் கூடியதும் கவ்வி தானே திறந்து மீனை விடுவிக்கும். அன்று படகில் இலவசமாகப் பயணம் செய்பவர் அவர் ஒருவர்தான்.

கலிபோர்னியச் சட்டத்தில் ஒரே படகில் சேர்ந்து பிடிப்பவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வரம்பு படகு மொத்தத்துக்கும் பொது. முப்பது பேர் என்றால் முன்னூறு மீன். அது நிறையும் வரை எல்லோரும் பிடிக்கலாம். மூலைக்காரர் தன் பத்தை எட்டரை மணிக்கே முடித்துவிட்டு, குமட்டல் தாங்காமல் உள்ளே படுத்திருக்கும் வாழைப்பழக்காரரின் பத்தையும் பெருந்தன்மையோடு பிடித்துக்கொண்டிருப்பார். இதைச் சமதர்மம் என்று சொன்னால் மட்டும் கோபப்படுவார்.

இதே மான்டரேயிலிருந்து 1940-இல் ஜான் ஸ்டைன்பெக்கும் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ என்ற மத்திப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆறு வாரம் கலிபோர்னியா வளைகுடாவைச் சுற்றினார்கள். ஸ்டைன்பெக்கின் மனைவி கேரலும் கூடப் போனார். பிறகு வந்த பயணநூலில் அவர் இருந்த சுவடே ஏறக்குறைய இல்லை. ஆறு வாரம் ஒரே படகில் இருந்தால் இலக்கியமே இந்தப் பாடு படும்போது, ஒரு பகல் பொழுதில் இடது பக்கத்து ஆளோடு பேச்சுவார்த்தை அற்றுப்போவதில் வியப்பில்லை.

எல்லோரும் காலையில் ஆளுக்குப் பத்து டாலர் போட்டுச் சேர்த்த பந்தயப் பணம், அன்றைய பெரிய மீனுக்கு. மூலைக்காரரின் மூட்டையில் நாலரை கிலோ வெர்மிலியன் ஒன்று இருந்தது. அவர் மனத்தில் பணத்தைச் செலவழிக்கத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் வாழைப்பழக்காரர் எழுந்து வந்து, கடைசி முறையாக நூலை இறக்கினார். உள்ளங்கை அளவு மீன் ஒன்று மாட்டியது. பாதி வழியில் கம்பு திடீரென்று கனத்தது. மறுபடியும் கண்டம்தான் என்று எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

லிங்காடு என்ற மீனுக்கு ஒரு குணம். தூண்டிலில் சிக்கிய மீனை வாயில் கவ்வினால் விடாது. அதன் வாயில் முள்ளே இருக்காது. பேராசை ஒன்றே பிடித்துக்கொண்டு மேலே வரும். தலை தண்ணீருக்கு வெளியே வந்தால்தான் விபரீதம் புரிந்து விட்டுவிடும். டெக்ஹேண்டுக்கு அது தெரியும். நீருக்கடியில் நிழல் தெரிந்த கணத்தில் கொக்கிக் கழியைப் பாய்ச்சி இழுத்துப் போட்டார். தராசில் ஏழு கிலோ. முள் மாட்டாத மீன் கணக்கில் வருமா என்று மூலைக்காரர் கேட்டார். வரும் என்றார் டெக்ஹேண்ட்.

திரும்பும் வழியில் மேசையில் கத்தி ஓடியது. லிங்காடைப் பிளந்ததும் உள்ளே சதை மயில்துத்த நிறத்தில் இருந்தது. வாழைப்பழக்காரருக்கு மறுபடியும் வயிறு புரண்டது.

‘கெட்டுப்போச்சா?’

லிங்காடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குச் சதை இப்படி நீலப்பச்சையாக இருக்கும். வாணலியில் போட்டால் வெளுத்துவிடும். சுவையில் மாற்றமே இல்லை. டெக்ஹேண்ட் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மூலைக்காரர் குறுக்கே வந்தார். அன்று முழுக்க இல்லாத பரிவோடு, ‘பார்த்தா எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. வேண்டாம்னா கொடுங்க, எங்க வீட்டுல பூனை இருக்கு’ என்றார்.