பச்சைச் சட்டைக்காரர்

மழை விட்டதும் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டும் ஜீவராசிகளில் இவரும் ஒருவர். வார நாள்களில் கோவையில் ஏசி அறையில் உட்கார்ந்து கணினியைத் தட்டுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆளே பச்சையாகிவிடுவார். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பச்சை உறை போட்ட கேமரா. காட்டோடு காடாகக் கலந்துவிட வேண்டுமாம். முதுகுப் பை மட்டும் ஆரஞ்சு. தள்ளுபடியில் அந்த நிறம்தான் கிடைத்தது.

யானை, காட்டெருமை எல்லாம் இவருக்குக் கணக்கில் வராது. "அதெல்லாம் டூரிஸ்ட் பாக்கறது" என்று ஒதுக்கிவிடுவார். இவர் தேடுவது சிங்கவால் குரங்கு. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. அதிலும் பெரும்பொழுது உச்சாணிக் கொம்பிலேயே கழிக்கும் ஜன்மம்.

டாப்ஸ்லிப்பில் வழிகாட்டியாக வருபவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த காடர். அவர் நடந்தால் சருகு சத்தம் போடாது. நம்மவருக்கு முழங்கால் வரை அட்டை உறை, அதன்மேல் பூட்ஸ், பூட்ஸின்மேல் மூக்குப்பொடி. அட்டை நேரே கழுத்துக்குப் போய்விட்டது.

நடையை விட வேகமாக ஓடுவது வாய். "இந்தக் குரங்கு மட்டும் இல்லேன்னா சைலண்ட் வேலில அணை கட்டியிருப்பாங்கண்ணா! அதக் காப்பாத்தணும்னு ஊரே கிளம்பிருச்சு. 1984ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க!" விவரம் சரிதான். ஆனால் அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாற்றை அந்தப் பள்ளத்தாக்குக்கே கேட்கும்படிச் சொன்னால் எந்தக் குரங்கு நிற்கும்?

"சத்தம் போடாம வாங்க சார்."

உடனே கிசுகிசுப்பார். அது இன்னும் தூரம் கேட்கும்.

எங்கோ "ஹூ... ஹூ..." என்று குரல் எழுந்தால் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவார். "சிங்கவால்!"

"கருமந்திங்க சார்."

கருமந்தி அதற்குள் நாலு மரம் தாண்டியிருக்கும். அதைக் குறை சொல்லக் கூடாது. லேகியம் கிண்டுவதற்காக அந்த இனத்தைத் துரத்தித் துரத்திச் சுட்டவர்கள் நாம்.

வழிகாட்டி குனிந்து ஒரு வெடிப்பலாத் தோலை எடுப்பார். வெளியெல்லாம் முள், உள்ளே விதையைப் பறித்துத் தின்ற இடத்தில் பல் பதிந்த ஈரம் இன்னும் காயவில்லை. "காலைல வந்துட்டுப் போயிருக்கு." அத்தனை நடையிலும் பார்க்கத் தகுந்தது இது ஒன்றுதான். நம்மவரோ அதை வாங்கிப் பார்க்காமலே, "ஜஸ்ட் மிஸ்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மனம் ஆற நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போவார். வழியில் புதுத்தோட்டம். சுற்றிலும் தேயிலை, நடுவில் துண்டு பட்டு நிற்கும் சோலை. சாலையைக் கடக்கக் குரங்குகளுக்கென்றே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டியிருக்கிறார்கள். மனசிருந்தால் அதில் போகும். இல்லாவிட்டால் சாலையிலேயே குடும்பத்தோடு நடக்கும். லைன் வீடுகளில் ஓட்டைத் தள்ளி இறங்கி, அடுப்படியைச் சோதனை போட்டுவிட்டுத் திரும்பும்.

அன்றும் தகரக் கூரைமேல் ஒரு கூட்டம் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனையும் சிங்கவால்.

காரில் வந்த கூட்டாளி கத்தினான். நம்மவர் கண்ணாடியை இறக்கவே இல்லை. "இது ரோட்டுக் குரங்குடா. ஒரிஜினல் உள்காட்டுலதான் இருக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது, பின்னோக்கி வந்தது. ஆரஞ்சுப் பை இறங்கியது. பெரிய லென்ஸ் வெளியே வந்தது. தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் குறி பார்த்தார். பிறகு வாசலில் நின்றிருந்த அம்மாவிடம் பணிவாகக் கேட்டார்:

"அக்கா, அந்தக் கொடித்துணிய மட்டும் கொஞ்சம் எடுக்கறீங்களா? காட்டுக்குள்ள எடுத்த மாதிரி வரணும்."

"இன்னும் காயல தம்பி."